எண்பத்து மூன்று கிலோமீட்டர்

ஒரு கார் ஓடாமல் இருப்பதற்காக முத்துக்குமாருவுக்கு வேலை கொடுத்தார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலில் அவரும்தான் சிரித்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் என்ஜின்களை ஓட வைத்துவிட்டு 1986-இல் ஓய்வு பெற்ற மனிதர். ஓடவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான் என்பது சுபாங் ஜெயாவுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

வேலை கொடுத்தவர் வக்கீல் சிவகுருநாதன். முத்துக்குமாருவைவிடப் பத்து வயது இளையவர். இரண்டு பேருடைய அப்பாமாரும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள். ஒருவருடைய பிள்ளை பட்டறைக்குப் போனான். மற்றவருடைய பிள்ளை லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்துவிட்டு வந்து, வீட்டுமனை போடுகிற கம்பெனிகளுக்கெல்லாம் பத்திரம் எழுதிப் பெரிய ஆளானான். முத்துக்குமாரு ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரே மகள் தங்கரத்தினம் கல்யாணமாகி ரவாங்கில் இருந்தாள். மருமகன் வீட்டில் போய் உட்கார அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சிவகுருநாதன் வந்தார்.

"முத்தண்ணே, என் வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. அக்காவையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. நம்ம ஆளுங்களுக்கு நாம செய்யாம வேற யார் செய்வா?" என்றார்.

நம்ம ஆளுங்க என்ற அந்தச் சொல்லில் முத்துக்குமாருவும் அவர் மனைவி நேசம்மாவும் மயங்கித்தான் போனார்கள். நேசம்மா அந்த வீட்டுச் சமையலை எடுத்துக்கொண்டாள். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளாகவே அடுப்படிக்குள் நுழைந்தாள், அப்புறம் அவளை யாரும் வெளியே விடவில்லை. முத்துக்குமாரு தோட்டத்தையும் மெர்சிடிஸையும் பார்த்துக்கொண்டார். 1987 கடைசியில் இத்தாலிக் கார் வந்து இறங்கியது.

அதைக் கார் என்று சொல்வதா, காட்சிப்பொருள் என்று சொல்வதா? கிள்ளான் துறைமுகத்திலிருந்து லோரியில் ஏற்றி, பச்சைப்பிள்ளையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார்கள். இடுப்பு உயரம்கூட இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. கதவுகள் பக்கவாட்டில் திறக்காமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. உள்ளே பாலாடை நிறத்தில் தோல் சீட் இரண்டே இரண்டு, அதன்மேல் பேக்டரியில் போட்ட பிளாஸ்டிக். பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியில் ஒரு மண்ணும் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் கதவைத் தூக்கிவிட்டு, வாசற்படியில் உட்காருவது போல விளிம்பில் உட்கார்ந்து, தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். இவ்வளவு செலவழித்துச் செய்தவனுக்கு ஒரு கண்ணாடியை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையே என்று முத்துக்குமாரு நேசம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

மீட்டரில் எண்பத்து மூன்று கிலோமீட்டர். பேக்டரிக்காரன் ஓட்டிப் பார்த்ததும் கப்பலில் ஏற்றி இறக்கியதும் சேர்ந்து அவ்வளவு. சிவகுருநாதனுக்கு அந்த எண்தான் உயிர். சாலை வரியும் இன்சூரன்ஸும் வருஷம் தவறாமல் கட்டுவார்; சாலைக்கு மட்டும் விடமாட்டார்.

"ஓட்டுறதுக்கு மெர்சிடிஸ் இருக்கு லா, முத்தண்ணே. இது அப்படி இல்ல. உலகத்துல இந்தக் கார் வச்சிருக்கவன் எல்லாம் ஆசை தாங்காம ஓட்டிக் கெடுத்துட்டான். நூறைத் தாண்டாம இருக்கறது நம்ம பக்கத்துல இது ஒண்ணுதான்."

முத்துக்குமாருவின் வேலை இவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே என்ஜினை உறுமவிட வேண்டும். டயர் ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகாமல் இருக்க, ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் திருப்பிவிட வேண்டும். பூ உதிர்ந்து ஒட்டுவது மாதிரி தூசு உட்கார்ந்தால், இறகுத் துடைப்பத்தால் ஒத்தி எடுக்க வேண்டும். தண்ணீர் கூடாது, பாலிஷ் கூடவே கூடாது. பானெட்டுக்குள்ளே பேக்டரிக்காரன் மஞ்சள் சாக்கட்டியில் கிறுக்கின நாலு கோடு இருந்தது. அதில் விரல்கூடப் படக்கூடாதென்று உத்தரவு. சாவி முத்துக்குமாருவிடம்தான் இருக்கும். அவரை அவ்வளவு நம்பினார் சிவகுருநாதன்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கூட்டம் வரும். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு டாக்டர், கிள்ளானிலிருந்து ஒரு சீனத் தவுக்கே முதலாளி, இன்னும் நாலைந்து பேர். கார் ஷெட் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார்கள். சிவகுருநாதன் கதவைத் தூக்கி, டார்ச் அடித்து மீட்டரைக் காட்டுவார். "எய்ட்டி த்ரீ!" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வார், அவர் அதைத் தாம் பார்க்காதது போலத் திரும்பவும் குனிந்து பார்ப்பார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே தலையை நீட்டி மூச்சை இழுத்து முகர்வார்கள். புதுத் தோலும் பசையும் கலந்த வாசனையாம். உலகத்தில் எங்கேயும் கிடைக்காதாம். முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார்கள். நேசம்மா அவர்களுக்கு வடையும் தேநீரும் கொண்டுவருவாள். "இதுக்குள்ள என்னதான் இருக்கு, இப்படி முகர்றாங்க?" என்று அடுப்படிக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும்.

1989 நவம்பரில் ஒரு மத்தியானம் அந்தச் சிரிப்பு போயிற்று.

மழை அன்றைக்கு வானம் பிளந்துகொண்டு கொட்டியது. வக்கீலின் மனைவி மெர்சிடிஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். சிவகுருநாதன் வீட்டில்தான் இருந்தார். நேசம்மா அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள், கத்தி கீழே விழ, பின்னாலேயே தானும் சாய்ந்தாள். முத்துக்குமாரு ஓடிவந்து பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துணி மாதிரி கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

அடுப்படிக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு, அதுவும் திறந்துதான் கிடந்தது. சத்தம் கேட்டு வந்த சிவகுருநாதன் அந்தக் கதவுக்கு அப்பால், காரின் பக்கத்தில் நின்றார்.

"சார், நேசம்மா விழுந்துட்டா. வாய் கோணுது. இந்தக் கார்ல தூக்கிட்டுப் போயிடறேன். பன்னெண்டு கிலோமீட்டர்தான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"ஆம்புலன்ஸுக்கு இப்பவே போன் பண்றேன், முத்தண்ணே. நாம தூக்கக்கூடாது, இன்னும் மோசமாயிடும். அவங்க வந்து முறையா தூக்குவாங்க. இருபது நிமிஷம்."

இருபது நிமிஷம் ஆனது. நாற்பது ஆனது. மழையில் பெடரல் ஹைவேயில் தண்ணீர் ஏறி, கார்கள் அப்படியே நிற்கின்றன என்று ரேடியோவில் சொன்னான். டாக்ஸி ஒன்றுகூட அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. முத்துக்குமாரு இரண்டாம் முறையும் போய்க் கேட்டார். உள்வழியாகப் போனால் போய்ச் சேர்ந்துவிடலாம், வழி எனக்குத் தெரியும் என்று கெஞ்சினார். கைகூடக் கூப்பினார். இந்த முறை வக்கீலின் வாயிலிருந்து 'அண்ணே' கழன்று விழுந்துவிட்டது.

"முத்து, எண்பத்து மூணு. ரெண்டு வருஷமா இத நான் காப்பாத்திக்கிட்டு வரேன். இந்தத் தண்ணியில எடுக்கச் சொல்றியே, உனக்கு மூளை இருக்கா?"

சாவி முத்துக்குமாருவின் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதைத் தொட்டார். எடுக்கவில்லை. முப்பத்து நான்கு வருஷம் "எஸ் சார்" சொல்லிப் பழகிய உடம்பு அவர் பேச்சைக் கேட்காமல், சிவகுருநாதன் பேச்சைக் கேட்டது. திரும்பி அடுப்படிக்கு வந்து, நேசம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது ஒரு மணி பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

நேசம்மா பிழைத்தாள். வலது கையும் காலும் பிழைக்கவில்லை. பேச்சு போய்விட்டது, தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று முத்துக்குமாரு டாக்டரைக் கேட்டார். "சொல்ல முடியாது, அங்கிள்" என்றார் அந்த இளம் டாக்டர். முடியாது என்று சொல்லியிருந்தால் முத்துக்குமாரு அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பார். முடியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே போய்ச் சிவகுருநாதனின் கழுத்தைப் பிடித்திருப்பார். இரண்டுமில்லாமல் அந்தச் "சொல்ல முடியாது" அவர் வயிற்றில் நெருப்பாக உட்கார்ந்துகொண்டது.

நேசம்மாவிடம் அவர் ஒரு பொய் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண்விழித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "அந்தக் காரு ஸ்டார்ட் ஆகல, நேசம். பேட்டரி செத்துப்போச்சு. எவ்வளவோ பாத்தேன்" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மயக்கத்திலேயே கிடந்தவளுக்கு ஷெட்டில் பேசியது எங்கே கேட்டிருக்கப் போகிறது, நம்பிவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். தன்னை ஒரு எண்ணுக்காகத் தரையில் போட்டுவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியவே கூடாது. பையில் சாவியோடு தானும் நின்றது அதைவிடத் தெரியக்கூடாது.

சிவகுருநாதன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "கடவுள் சித்தம், முத்தண்ணே" என்றார். அண்ணே திரும்ப வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் வந்தது, முகர்ந்தது, போனது. வடைதான் கடையில் வாங்கியது.

முத்துக்குமாரு வேலையை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் என்ஜினை உறுமவிட்டு, அந்த உறுமலுக்குள் வாய்விட்டு அந்த மனுஷனைத் திட்டினார். காரை ஆணியால் கீறலாம். பெட்ரோல் டேங்கில் சீனி போடலாம். கல்லைத் தூக்கிப் போடலாம். எல்லாவற்றையும் யோசித்தார். செய்தால் என்ன ஆகும்? போலீஸ் வரும், இன்சூரன்ஸ் வரும், பார்க்கிறவன் எல்லாம் சிவகுருநாதனைப் பாவம் என்பான். அந்த ஆளைப் பார்த்து ஒருத்தன்கூடப் பாவம் என்று சொல்லக்கூடாது. கெடுக்க வேண்டும், கெடுத்ததற்கு அவன் வாயாலேயே நன்றி சொல்ல வேண்டும். நேசம்மாவை ஏற்றாத அந்தச் சீட்டில் நேசம்மா உட்கார, அவனே ஓட்ட வேண்டும். முத்துக்குமாரு அதற்காகத்தான் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு கிடந்தார்.

வழியைக் காட்டிக்கொடுத்தது சிவகுருநாதனின் வாய்தான். கிள்ளானில் ஓர் அம்மன் கோவிலுக்கு அவர் தலைவர். நேசம்மா விழுவதற்கு ஒரு மாதம் முன்னால், நவராத்திரி மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கியிருந்தார்: ஆயுத பூஜைக்கு வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வண்டியை அம்பாள் சந்நிதிக்குக் கொண்டுவர வேண்டும், லோரியோ மோட்டார் சைக்கிளோ, அம்பாளுக்கு மறைத்து வைக்கிற பொருள் நமக்கு நிலைக்காது. கூட்டத்தில் யாரோ, "தலைவரே, உங்க இத்தாலிக் கார்?" என்று குரல் கொடுத்தார்கள். சிவகுருநாதன் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் அம்பாள் பாக்கட்டும்!" என்றார். கைதட்டினார்கள். மேடையில் சொல்வதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற முத்துக்குமாரு வைத்திருந்தார்.

1990 நவராத்திரி வந்தது. அக்டோபரில் ஹாங்காங்கிலிருந்து ஒரு கார் பத்திரிகைக்காரன் வந்து, நூறைத் தாண்டாத இந்தக் காரைப் பற்றி எழுதப்போவதாக ஏற்பாடு. சிவகுருநாதன் தரையில் நடக்கவே இல்லை. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, பெட்டி படுக்கையையெல்லாம் முத்துக்குமாரு மகள் வீட்டுக்கு ரவாங்குக்கு லோரி ஏற்றினார். மருமகன் வீட்டில் உட்காருவதைப் பற்றிய கௌரவமெல்லாம் அவருக்கு இப்போது இல்லை. பூஜைக்கு ரூமைச் சுத்தம் செய்கிறேன் என்று சொன்னார், யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு கோவில் செயலாளர் கார்த்திகேசுவுக்கு போன் போட்டார்.

"அண்ணே, தலைவர் போன வருஷம் சொன்ன மாதிரி காரை அனுப்புறார். ஆனா அவர்கிட்ட கேட்டுடாதீங்க. அவர் கூச்சப்படுவார். மேளத்துக்கும் மாலைக்கும் மட்டும் சொல்லி வச்சிடுங்க."

கார்த்திகேசுவுக்கு வாயெல்லாம் பல். "அட, லோயருக்கு என்ன மனசு!" என்றார்.

அன்று காலையில் சிவகுருநாதன் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, மனைவியோடு மெர்சிடிஸில் முன்னாலேயே கோவிலுக்குப் போய்விட்டார். முத்துக்குமாரு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டைத் திறந்தார். ஆயுத பூஜைக்கு ஒரு பொருளை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்தார். குழாயைத் திறந்து தண்ணீர் பீய்ச்சினார், சோப்புப் போட்டார், பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். பானெட்டைத் திறந்து மஞ்சள் சாக்கட்டிக் கோடு நாலையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். சீட்டிலிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். சாம்பிராணித் தூபத்தை உள்ளே வைத்துக் கதவை இறக்கி மூடி, கால் மணி நேரம் புகை பிடிக்க விட்டார். இனி முகருங்கடா, வந்து முகருங்கள் என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்துக்கொண்டார். பத்து மாதத்தில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

நேசம்மாவுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டு, தலைவாரி, தூக்கிக்கொண்டு வந்தார். கார் தரையோடு தரையாக இருந்ததால் அவளைச் சீட்டில் இறக்குவதற்குள் மூச்சு வாங்கியது.

"கோயிலுக்குப் போறோம், நேசம். இப்ப ஸ்டார்ட் ஆகுது" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு காரின் முன்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

சாலையில் அந்தக் காரை அவர் ஓட்டியதே இல்லை. கிளட்சை மிதிக்க ஒரு காலின் முழு பலமும் வேண்டியிருந்தது. ஏர்கண்டிஷன் பேருக்குத்தான், உள்ளே வெந்தது. பெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள்காரர்கள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். ஷா ஆலம் தாண்டியபோது மீட்டரில் தொண்ணூற்றொன்பது மறைந்து நூறு வந்தது. "நூறு, நேசம்!" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது.

கோவில் வாசலில் இருநூறு வண்டிகளாவது நின்றன. இத்தாலிக் கார் திரும்பியதும் நாதஸ்வரக்காரர் ஊத ஆரம்பித்தார். சிறுபிள்ளைகள் ஓடிவந்தார்கள். மாலையும் சால்வையுமாக வாசற்படியில் நின்ற சிவகுருநாதன் பார்த்தார். முதலில் அவருக்கு அது தன் கார் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு படி வேகமாக இறங்கினார். ஆனால் அதற்குள் கார்த்திகேசு மைக்கைப் பிடித்துவிட்டார்: "சொன்ன சொல் தவறாத நம் தலைவர், யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த காரை அம்பாள் காலடிக்கு அனுப்பியிருக்கிறார். எல்லோரும் கைதட்டுங்கள்!"

தட்டினார்கள். சிவகுருநாதன் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். வேறு என்ன செய்வார்?

சபாபதி குருக்கள் வஞ்சனையில்லாத மனுஷர். பெரிய காருக்குப் பெரிதாகவே செய்ய வேண்டும் என்று நினைத்தார். மஞ்சள் தண்ணீரை உள்ளும் புறமும் தெளித்தார். வெள்ளைப் பானெட்டில் மூன்று விரலால் விபூதியை அழுத்திப் பூசினார். அந்தச் சரசரப்பு முத்துக்குமாருவின் காதில் தேனாக விழுந்தது. குழைத்த சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஸ்டீயரிங்கில், மீட்டர் கண்ணாடியில், சீட்டின் தலைமாட்டில் என்று ஓர் இடம் விடவில்லை. சூடத்தட்டைப் பானெட்டின் மேலேயே வைத்துக் கொளுத்தினார். "சாமி, கொஞ்சம் பாத்து..." என்று சிவகுருநாதன் மெல்ல ஆரம்பித்தார். "கவலைப்படாதீங்க தலைவரே, குறையில்லாம செய்றேன்" என்றார் குருக்கள். பூசணிக்காயை உடைத்தபோது அதன் சிவந்த தண்ணீர் பம்பரில் தெறித்தது.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஓட்டி நசுக்கிவிட்டு, கோவிலை மூன்று சுற்று வர வேண்டும்.

"தலைவர்தான் ஓட்டணும்" என்றார் கார்த்திகேசு.

நேசம்மாவை இறக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "சுமங்கலி உட்கார்ந்திருக்கிறது நல்லதுதானே, இருக்கட்டும்" என்று குருக்களே சொல்லி, குங்குமத் தட்டை அவள் மடியில் வைத்தார். முத்துக்குமாரு சாவியை நீட்டினார். சிவகுருநாதன் வாங்கிக்கொண்டார். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவர் உள்ளே இறங்கினார்.

இந்தக் கார் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து வெள்ளைப் பெயின்ட்டில் போகாத கறையாகப் பிடித்தது. ஹாங்காங் பத்திரிகைக்காரன் வந்தான், பார்த்தான், ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒருமுறை வந்து முகர்ந்து, சாம்பிராணிக்குத் தும்மிவிட்டு, அப்புறம் வரவில்லை. அம்பாளுக்கே கொடுத்த கார் என்று பேர் வந்துவிட்டதால், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒரு கல்யாணமா, மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் கேட்டார்கள். தலைவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குள் மீட்டரில் நாலாயிரத்துக்கு மேல் ஓடிவிட்டதாக முத்துக்குமாருவுக்குச் செய்தி வந்தது. அவர் அன்றைக்கு ரவாங்கில் மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு மேளம் முன்னால் போக, கார் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. முத்துக்குமாரு நேசம்மாவின் பக்கத்து ஜன்னலை ஒட்டிக் கூடவே நடந்தார். சிவகுருநாதன் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். பல்தான் தெரிந்தது, சிரிப்பைக் காணோம். பத்து மாதமாகத் தூக்கமில்லாமல் நினைத்துப் பார்த்த காட்சி, ஒரு குறையும் இல்லாமல் கண் முன்னால் நடந்தது.

இரண்டாம் சுற்றில்தான் நேசம்மாவின் இடது கை அசைந்ததை அவர் பார்த்தார். அது குங்குமத் தட்டுக்குள் போனது. ஐந்து விரலும் உள்ளங்கையும் முழுகும்படி அழுத்தி எடுத்தாள். எடுத்து, தனக்கும் சிவகுருநாதனுக்கும் நடுவே, அந்தப் பாலாடைத் தோலில் பதித்தாள். திரும்பத் தட்டில் அமுக்கினாள், டேஷ்போர்டில் பதித்தாள். மறுபடி, சிவகுருநாதனின் சீட்டு ஓரத்தில் தேய்த்தாள், விரலை நகத்தோடு சேர்த்து இழுத்தாள். கையைப் பார்த்துச் செய்யவில்லை. சிவகுருநாதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

"அக்கா காருக்குப் பொட்டு வைக்கிறாங்க" என்றாள் கூட்டத்தில் ஒரு பெண்.

"இடது கையால வைக்கலாமா?"

"பாவம், வலது கைதான் வராதே."

சிவகுருநாதன் அவளிடம் ஏதோ சொன்னார். கண்ணாடிக்கு வெளியே கேட்கவில்லை. நேசம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இடது தோள் மட்டும் குலுங்கியது. அவள் சிரிக்கிறாள் என்று முத்துக்குமாருவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம்தான் மற்றதும் புரிந்தது. அடுப்படித் தரையில் கண்ணைத் திறந்தபடி கிடந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பத்து மாதமாக அதை வைத்துக்கொண்டு, சொல்ல வாயில்லாமல், அவர் ஊட்டிய சோற்றைத் தின்றிருக்கிறாள்.

மூன்றாம் சுற்று முடிந்து கார் நின்றது. சிவகுருநாதன் இறங்கிச் சுற்றி வந்தார். எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே, உதடு அசையாமல், "நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு" என்றார்.

"முந்தாநாளே பண்ணிட்டேன், சார்" என்றார் முத்துக்குமாரு. "ஆஸ்பத்திரிக்குப் பன்னெண்டு கிலோமீட்டர்தான் சார் கேட்டேன். நீங்க அதைக் குடுத்திருக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனையோ வெள்ளிக்கிழமை சொல்லிப் பழகியிருந்தார். சொல்லியாயிற்று. அதற்குள் யாரோ வந்து சிவகுருநாதனுக்குச் சால்வை போர்த்தி, "உங்களால ஊருக்கே பெருமை, தலைவரே" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். "நன்றி, நன்றி" என்று சிவகுருநாதன் சொல்வது கேட்டது.

நெஞ்சு நிமிர, முத்துக்குமாரு கதவைத் தூக்கி நேசம்மாவை இறக்கக் குனிந்தார். ஜெயித்துவிட்டோம் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தார்.

நேசம்மா இடது கையைத் தட்டுக்குள் இன்னொரு முறை வைத்தாள். நிதானமாக, மிச்சமிருந்த குங்குமத்தையெல்லாம் வழித்து எடுத்து, அவருடைய வெள்ளைச் சட்டையில், இடது பக்கத்துப் பையின் மேல் பதித்து அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவில்லை. சிவகுருநாதனை எப்படிப் பார்த்தாளோ, அப்படியே அவரையும் பார்த்தாள்.

சாவி உன் பையில்தானே இருந்தது என்று அவளால் கேட்க முடியாது.

"ஆமா, நேசம்" என்றார் முத்துக்குமாரு.